அரைக்கால்

கடலுக்கு அந்தப் பக்கம் உலை வெடித்த மூன்றாம் நாள்
பொகவந்தலாவையிலிருந்து லொறியில் வந்தது பெட்டி.
பிஸ்கட் பெட்டி அளவு.
உள்ளே அயடின் மாத்திரை, முந்நூற்று நாற்பது.
தோட்டத்தில் தலை ஆயிரத்துப் பதினாறு.

போனில் கேட்டேன், இது என்ன கணக்கு?
கதவிலக்கக் கணக்கு, ஒரு கதவுக்கு நாலு, என்றார்கள்.
கடைவீதிக்கு இலக்கம் உண்டு,
ஸ்டாஃப் குவாட்டர்ஸுக்கு உண்டு,
மேல்பிரிவில் கட்டிய புது வீடுகளுக்கும் உண்டு.
லயத்துக் காம்பராக்களுக்கு
கதவு மட்டும்தான் உண்டு.

கூடவே ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம்.
மூன்று மொழியிலும் இருந்தது.
தமிழில்
'கதவு ஜன்னல்களை முடவும்'.

இரவு முழுக்க மழை.
தகரத்தின் மேல் கல் வைத்துப் படுத்தார்கள்.
ஓட்டைக்குக் கீழே வைத்த சட்டியைத்
தொடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன்.
பிறகு எங்கே ஊற்ற, என்று கேட்டார்கள்.
பதில் பிரசுரத்தில் இல்லை.

சவர பிளேடு, வெள்ளைத்தாள், மேசை விளக்கு.
பன்னிரண்டு வயதுக்குக் கீழே அரை.
மூன்றுக்குக் கீழே கால்.
மாசம் திரும்பாத பிள்ளைக்கு அரைக்கால்.
பள்ளிக்கூடத்தில் வாய்பாடாய்ப் பாடி
மறந்துபோன சொல்
பிளேடு நுனியில் திரும்பி வந்தது.

பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தெய்வானையின் பிள்ளை பிறந்து ஆறு நாள்,
இன்னும் பேர் வைக்கவில்லை.
இந்த மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்,
கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்.
பேரே இல்லாத ஒருத்திக்கு
தாய்ப்பாலில் கரைத்து
நாக்கில் தடவினேன்.
முகத்தைச் சுளித்தாள். நல்லது.

பிள்ளைகள், பெடியன்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள்,
பால் கொடுக்கிறவர்கள் போக
மிஞ்சியது அறுபத்து மூன்று.

வெடித்த மறுநாள் பிரட்டை யாரும் நிறுத்தவில்லை.
தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு
பதினோராம் நம்பர் மலையில்
நனைந்து நனைந்து கொழுந்தெடுத்தவர்கள்
எழுபத்தொரு பெண்கள்.
வரிசையாக வந்து நின்றார்கள்
நிறுவைக்கு நிற்கிற மாதிரியே.

நாற்பது தாண்டியவர்களுக்கு அவசியம் குறைவு, என்றேன்.
பிரசுரம் சொன்னதைத்தான் சொன்னேன்.
ஐந்து பேர் சத்தமில்லாமல் விலகினார்கள்.
ஆறாவதாக காந்திமதி.
'எனக்கு நாப்பத்திரண்டு, டாக்டரய்யா.'
அவளுடைய கிளினிக் அட்டை
என் மேசை லாச்சியில் இருக்கிறது.
முப்பத்தாறு.
அவளுக்குப் பின்னால் அவள் தங்கச்சி நின்றாள்.
நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.
அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேருக்கு
அந்த நிமிஷத்தில் வயது கூடியது.

விளக்கை அணைக்கும்முன்
தாளில் ஒட்டியிருந்த பொடியைக் கட்டைவிரலால் தொட்டு
நக்கிக்கொண்டேன்.
உப்பும் இரும்புமாய்க் கரித்தது.
எனக்கு ஐம்பத்து மூன்று.
வெட்கமாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள் ஜீப்பில் மீட்டர் வந்தது.
கொழுந்தை அளந்தார்கள்.
ஃபெக்டரித் தூளை, சாக்கை, லொறி டயரை அளந்தார்கள்.
தேத்தண்ணி குடித்தார்கள், கொழும்பிலிருந்து கொண்டுவந்தது.
பிள்ளை மடுவத்துக்கு வரும்போது
பெட்டறி இறங்கிவிட்டது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
தொண்டை பார்க்கிறேன், ஆறு வருஷமாக.
கொப்பி முழுக்க என் கையெழுத்துத்தான்,
கேட்டு யாரும் வந்ததில்லை.
அந்த அரைக்காலுக்கு இப்போது பேர் பவிஷ்னா.
கழுத்தைத் தொட்டால் கூச்சத்தில் நெளிகிறாள்,
ஒன்றும் இல்லை, ஓடு.

அடுத்தது காந்திமதி.
'இந்த வருஷந்தான் எனக்கு
நெசமாவே நாப்பத்திரண்டு' என்று சிரிக்கிறாள்.
முழுங்கு, என்கிறேன்.
விரல்களுக்குக் கீழே
தொண்டை ஏறி இறங்குகிறது.

வெளியே யாரோ கொழுந்துச் சாக்கை இறக்குகிற சத்தம்.

இன்னொரு தரம் முழுங்கு, என்கிறேன்.